ஒரு நாட்டின் சாலை விதியை இன்னொரு நாட்டின் வரைபடத்தில் ஏற்றாதீர்கள்

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு சாலையை வரைந்து அதன் வகையைக் குறித்துவிட்டால், அதில் யார் போகலாம், யார் போகக்கூடாது என்பதை வழிகாட்டும் செயலிகள் தாமாகவே ஊகித்துக்கொள்கின்றன. 'மோட்டார்வே' (விரைவுச்சாலை) என்றால் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் இடமில்லை, மோட்டார் வாகனங்கள் போகலாம் என்பது பொதுவான ஊகம். அது எல்லா நாட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று நம்புவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் கிளைக்கின்றன.

இந்தியாவையே பாருங்கள். மும்பை–புணே விரைவுச்சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் ஆகியவற்றுக்குத் தடை உள்ளது. யமுனா விரைவுச்சாலையிலோ பைக்குகள் சுங்கம் செலுத்திவிட்டுச் செல்கின்றன. எனவே சாலையின் வகையை மட்டும் பார்த்து பைக்குக்கு வழி உண்டா என்று இங்கே சொல்லிவிட முடியாது; தடையுள்ள சாலை ஒவ்வொன்றிலும் 'மோட்டார்சைக்கிள்=நோ' என்ற குறிச்சொல்லை வெளிப்படையாக எழுத வேண்டும். மைசூரு சாலையில் இன்னொரு கவனமும் தேவை: பக்கத்தில் ஓடும் சர்வீஸ் ரோட்டைத் தனிக் கோடாக வரைந்து, அதன்மேல் இந்தத் தடை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் எஞ்சியிருக்கும் வழி அதுதான்.

தடை என்றதும் 'ஆக்சஸ்=நோ' என்று போட்டுவிடுவது மிக மோசமான பழக்கம். அந்தக் குறிச்சொல், வேறு விதிவிலக்கு எழுதப்படாதவரை, நடப்பவர் உட்பட எல்லோருக்கும் வழியை மூடிவிடும். கூடலூரிலிருந்து மைசூருக்குப் போகும் சாலை பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்படுகிறது. விலங்குகளைக் காக்க 2009-இல் வந்த கட்டுப்பாடு இது. நேரத்தோடு சேர்த்து 'மோட்டார்_வெஹிக்கிள்:கண்டிஷனல்=நோ @ (21:00-06:00)' என்று எழுதினால் செயலி பகலில் அதே சாலையைக் காட்டும்; பொத்தாம்பொதுவாக மூடினால் பகலில் செல்பவரையும் காரணமின்றிச் சுற்ற வைக்கும்.

ஒரே தேசத்துக்குள்ளும் சட்டம் மாறும் என்பதற்கு பிரிட்டன் சான்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப் பாதைகளில் சைக்கிள் செல்ல 1968-ஆம் ஆண்டின் சட்டம் உரிமை தந்தது. பொது நடைபாதைகளில் அந்த உரிமை இல்லை. ஸ்காட்லாந்திலோ, 2003-இல் இயற்றப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான பாதைகளில் சைக்கிளில் செல்லலாம். லண்டன் வழக்கத்தை நினைத்துக்கொண்டு ஸ்காட்லாந்து மலைப்பாதைக்கு 'பைசிக்கிள்=நோ' என்று எழுதுபவர், சட்டம் தந்த உரிமையை வரைபடத்தில் பறித்துவிடுகிறார்.

தனியார் தோட்டச் சாலைகளில், உரிமையாளர் ஆட்சேபிக்காததால் மக்கள் போய்வருகிறார்கள் என்றால் 'பெர்மிசிவ்' (உரிமையாளரின் இசைவால் போகலாம்) என்று குறியுங்கள். 'யெஸ்' என்பது சட்ட உரிமையைச் சொல்வது. செயற்கைக்கோள் படத்தில் கேட் தெரிகிறது என்பதற்காக 'பிரைவேட்' என்று முடிவு கட்டவும் கூடாது. கேட்டை மட்டும் குறித்துவிட்டு, அங்குள்ள அறிவிப்புப் பலகையைப் பார்க்கக்கூடிய உள்ளூர்க்காரர்களுக்கு வரைபடத்திலேயே ஒரு குறிப்பு விட்டுவையுங்கள்.