கையடக்க ஜிபிஎஸ்: பழகுவது எப்படி, மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

கையடக்க ஜிபிஎஸ் கருவியைப் புதிதாக வாங்கியவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். சிக்னல் வரவில்லை, இடத்தைத் தள்ளிக் காட்டுகிறது, அம்புக்குறி சுற்றிக்கொண்டே இருக்கிறது. பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் மூன்றைப் பாருங்கள்: தலைக்கு மேல் வானம் திறந்திருக்கிறதா, செட்டிங் சரியாக இருக்கிறதா, பேட்டரி எப்படி இருக்கிறது.

இந்த மூன்றில் செட்டிங்தான் ஆபத்தானது. வானம் மறைந்தாலும் பேட்டரி இறங்கினாலும் திரையே சொல்லிவிடும். தப்பான செட்டிங் மட்டும் சத்தமே போடாமல் உங்களை அரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்திவிடும். அதனால் இந்தப் பதிவில் அதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம்.

அது என்ன செய்கிறது?

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், இப்போது மணி என்ன, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதை ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் கையில் இருப்பது அதைக் கேட்கும் கருவி. சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து தூரத்தைக் கணக்கிடுகிறது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் ஆகிய மூன்றுக்கும் மூன்று செயற்கைக்கோள் போதுமே என்று தோன்றும். ஆனால் கருவிக்குள் இருக்கும் கடிகாரம் சாதாரணமானது. அது ஒரு மைக்ரோவிநாடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். அந்தப் பிசகைக் கண்டுபிடிக்கத்தான் நான்காவது செயற்கைக்கோள். மூன்றே கிடைத்தால் பல கருவிகள் கடைசியாகத் தெரிந்த உயரத்தை வைத்துக்கொண்டு '2டி' என்று காட்டும். அப்போது காட்டும் இடத்தை அவ்வளவாக நம்ப வேண்டாம்.

கேட்பது மட்டுமே வேலை என்பதால் செல்போன் டவர் இல்லாத இடத்திலும் இது ஓடும். அதே காரணத்தால், நீங்கள் வழி தவறினால் அது யாருக்கும் செய்தி அனுப்பாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் வேறு ரகம்.

படி 1: கிளம்புவதற்கு முன், வீட்டிலேயே

பேட்டரியிலிருந்து ஆரம்பிப்போம். பென்சில் பேட்டரி போடும் கருவி என்றால், நீங்கள் போட்டிருப்பது அல்கலைனா, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகையா, லித்தியமா என்று மெனுவில் சொல்லிவிடுங்கள். அல்கலைனும் லித்தியமும் 1.5 வோல்ட், நிக்கல் வகை 1.2 வோல்ட். சொல்லாவிட்டாலும் கருவி ஓடும், ஆனால் மீதி எவ்வளவு என்று காட்டும் அளவு தப்பாகும். புது நிக்கல் பேட்டரியைப் பாதி காலி என்று காட்டும். கடுங்குளிரில் அல்கலைன் சீக்கிரம் படுத்துவிடும், லித்தியம் தாங்கும். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். பென்சில் பேட்டரி அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் அயான் பேட்டரிகளும் கிடைக்கின்றன. கையேடு அனுமதித்தால் தவிர அவற்றைப் போட்டுக் கருவியைச் சுட்டுவிட வேண்டாம்.

அப்புறம் செட்டிங். இங்கே நான்கு விஷயங்கள்.

முதலாவது, டேட்டம். பூமியின் வடிவத்தை எந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டு எண்களைக் கொடுக்கிறோம் என்பதுதான் டேட்டம். ஜிபிஎஸ்ஸின் சொந்தக் கணக்கு டபிள்யூஜிஎஸ் 84. காகித வரைபடம் எதுவும் கையில் இல்லையென்றால் அதிலேயே விட்டுவிடுங்கள். பழைய வரைபடம் வைத்திருந்தால், அதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் எந்த டேட்டம் என்று போட்டிருக்கும். கருவியிலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஜப்பானின் பழைய டோக்கியோ டேட்டம் வரைபடத்தில், டோக்கியோ பகுதியில் மட்டும் 400 மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். கருவியும் சரி, வரைபடமும் சரி, ஆனால் இரண்டும் ஒத்துப்போகாது.

இரண்டாவது, எண்களை எழுதும் முறை. மூன்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன: டிகிரியை மட்டும் தசமத்தில் எழுதுவது, டிகிரியும் தசம நிமிடமும், டிகிரி நிமிடம் விநாடி. நண்பர் அனுப்பிய எண் 38° 24.50′ என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை 38° 24′ 50″ என்று அடித்துவிட்டால் போச்சு. அரை நிமிடம் என்றால் 30 விநாடி. நீங்கள் போட்டதோ 50. இடையில் 20 விநாடி. அட்சரேகையில் ஒரு விநாடி ஏறக்குறைய 31 மீட்டர், ஆக 600 மீட்டருக்கு மேல் பிசகு. 38.245 என்ற தசம டிகிரியை 38° 24.5′ என்று போட்டால் இன்னும் மோசம்: 0.245 டிகிரி என்பது 14.7 நிமிடம்தான், பிசகு 18 கிலோமீட்டர். என்னைக் கேட்டால், ஒரு குழுவாகப் போகும்போது எல்லோரும் ஒரே முறையில் வைத்துக்கொள்வது கட்டாயம். எண்ணை அனுப்பும்போது குறிகளையும் சேர்த்தே அனுப்புங்கள், வெறும் இலக்கங்களாக அல்ல.

மூன்றாவது, வடக்கு. உண்மை வடக்கு (வட துருவம் இருக்கும் திசை), காந்த வடக்கு (காந்த ஊசி காட்டும் திசை) என்று மெனுவில் இரண்டு இருக்கும். கூடவே காந்த ஊசித் திசைகாட்டி வைத்திருந்து, அதில் திருத்தம் எதுவும் செய்யாமல் அப்படியே படிப்பவர் என்றால் கருவியையும் காந்த வடக்கில் வையுங்கள். இரண்டுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருக்கும் இடத்தில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் 175 மீட்டர் விலகிப் போயிருப்பீர்கள்.

நான்காவது, அளவு முறையும் நேர மண்டலமும். பார்த்து வைத்தால் போதும்.

படி 2: முதல் தடவை இடம் பிடிப்பது

திறந்த வெளிக்குப் போய், ஒரே இடத்தில் நின்று கருவியை ஆன் செய்யுங்கள். நடந்துகொண்டே செய்யாதீர்கள். ஒரு செயற்கைக்கோள் தன் பாதையின் துல்லிய விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை முழுதாகச் சொல்கிறது. எல்லாச் செயற்கைக்கோள்களும் தோராயமாக எங்கே இருக்கும் என்ற அட்டவணையோ முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். இந்தத் தகவல் வரும் வேகம் விநாடிக்கு 50 பிட்தான். நடுவில் ஒரு மரக்கிளை மறைத்தால் விட்ட பகுதிக்கு மறுபடி காத்திருக்க வேண்டும். அதனால் புதுக் கருவியோ, மாதக்கணக்கில் தூங்கிய கருவியோ, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்த கருவியோ முதல் முறை கால் மணி நேரம் வரை எடுத்துக்கொண்டால் கவலை வேண்டாம். சில மணி நேரத்துக்குள் மறுபடி ஆன் செய்தால் சட்டென்று பிடித்துவிடும்.

பிடிக்கும் விதமும் முக்கியம். தலையில் குட்டையான குச்சி மாதிரி ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்தால் கருவியை நிமிர்த்திப் பிடியுங்கள். ஆன்டெனா வெளியே தெரியாத தட்டைக் கருவிகளில் பல, முகம் வானத்தைப் பார்க்கும்படி படுக்கையாகப் பிடித்தால் நன்றாக வேலை செய்யும். கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. உங்கள் உடம்பே பாதி வானத்தை மறைத்துவிடும். பையின் தோள்பட்டை வாரில் மாட்டுங்கள்.

படி 3: தொடங்கும் இடத்தைக் குறிப்பது

துல்லியம் காட்டும் எண் இறங்கி நிலைக்கும் வரை பொறுத்திருந்து, நிற்கும் இடத்தை வேபாயிண்டாக, அதாவது பெயர் வைத்த ஒரு புள்ளியாகச் சேமியுங்கள். கருவி தானாகக் கொடுக்கும் 001, 002 என்ற பெயர்களை அப்படியே விடாதீர்கள். சாயங்காலம் எது வண்டி நிறுத்திய இடம், எது ஓடை என்று தெரியாமல் போகும். பல கருவிகளில் சராசரி எடுக்கும் வசதி இருக்கிறது. முக்கியமான இடத்துக்கு அதைப் பயன்படுத்தலாம்.

'±5 மீ' என்று திரை சொன்னால் அது உத்தரவாதம் இல்லை. கருவி தானே போட்டுக்கொள்ளும் மதிப்பீடு, உண்மையான இடம் அந்த வட்டத்துக்கு வெளியிலும் இருக்கலாம். திறந்த வெளியில் சில மீட்டர் பிசகு சகஜம். (பழைய நூல்களில் 100 மீட்டர் பிசகு என்று படித்திருந்தால், அது அமெரிக்கா வேண்டுமென்றே சிக்னலைக் கெடுத்து வைத்திருந்த காலம். 2000 மே 2 முதல் அது இல்லை.)

பிறகு டிராக் பதிவை, அதாவது நீங்கள் நடக்கும் தடத்தைப் பதிவு செய்வதை, ஆன் செய்யுங்கள். பழைய டிராக்கைச் சேமித்துவிட்டுத் துடைத்துவிட்டுத் தொடங்கினால் குழப்பம் வராது. திரும்பும் வழிக்கு வேபாயிண்டைவிட டிராக் நல்லது. காரணம், ஒரு வேபாயிண்டுக்குப் போகச் சொன்னால் பல கருவிகள் நேர்கோட்டைத்தான் காட்டும். நடுவில் ஆறு இருக்கிறதா, செங்குத்துப் பாறை இருக்கிறதா என்பது அந்த அம்புக்குறிக்குத் தெரியாது. வந்த தடத்திலேயே திரும்புவது மெதுவாக இருந்தாலும், ஒருமுறை நடக்க முடிந்த பாதை அது.

இதையெல்லாம் முதலில் ஒரு பழகிய மைதானத்தில் செய்து பாருங்கள். குறித்துவிட்டு அரை கிலோமீட்டர் நடந்து, திரையை மட்டும் பார்த்துத் திரும்பி வரப் பழகினால் போதும். காகித வரைபடத்தை அதற்காக வீட்டில் வைத்துவிட வேண்டாம்.

மக்கர் செய்யும்போது

செயற்கைக்கோளே கிடைக்கவில்லை. முதலில் மெனுவில் 'டெமோ' அல்லது 'ஜிபிஎஸ் ஆஃப்' நிலை ஆனாகி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள் மெனுவை நோண்டும்போது கை பட்டு இப்படி ஆவது அடிக்கடி நடக்கும். பிறகு செயற்கைக்கோள் பக்கத்தைத் திறங்கள். சிக்னல் பலத்தைக் காட்டும் பட்டைகள் எழும்புகின்றன, ஆனால் இடம் பிடிக்கவில்லை என்றால் தகவல் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, பொறுங்கள். பட்டையே இல்லையென்றால் கூரை, அடர்ந்த மரம், உலோகப் பூச்சுள்ள கார்க் கண்ணாடி என்று எது மறைக்கிறது எனத் தேடுங்கள். க்ளோனாஸ், கலிலியோ போன்ற மற்ற நாடுகளின் செயற்கைக்கோள்களையும் கேட்கும் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், பள்ளத்தாக்கில் அதற்குப் பலன் உண்டு.

இடம் தாவித் தாவிப் போகிறது. பாறைச் சுவரிலோ கட்டடத்திலோ பட்டுத் தெறித்து வரும் சிக்னல் நீண்ட வழியாக வருவதால், கருவி தூரத்தைக் கூடுதலாகக் கணக்கிடுகிறது. சுவரை விட்டுத் தள்ளி வந்து நில்லுங்கள். தாவாமல் ஒரே சீராக ஒரே பக்கம் விலகியிருந்தால் அது சிக்னல் கோளாறு இல்லை. டேட்டத்தையும் எண் முறையையும் போய்ப் பாருங்கள். நீங்கள் புல்வெளியில் நிற்க, கருவி சாலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா? 'சாலையில் நிறுத்து' என்ற பொருளில் ஒரு செட்டிங் இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள்.

அம்புக்குறி தப்பான பக்கம் காட்டுகிறது. மின்னணுத் திசைகாட்டி இல்லாத கருவி, நீங்கள் நகர்ந்தால்தான் திசையைக் கண்டுபிடிக்கும். நின்ற இடத்தில் அது காட்டும் திசைக்கு அர்த்தம் கிடையாது. நேராகப் பத்து இருபது அடி நடந்து பாருங்கள். திசைகாட்டி உள்ள கருவி என்றால் சீரமைக்க வேண்டும்: மெனுவில் அதற்கான பகுதிக்குப் போய், திரை சொல்கிறபடி மெதுவாகச் சுற்றினால் போதும். பேட்டரி மாற்றிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்வது நல்லது, பேட்டரிகளின் உலோகமே காந்தத்தைக் கொஞ்சம் பாதிக்கும். காரின் அருகிலோ, காந்த மூடி போட்ட போன் உறைக்குப் பக்கத்திலோ நின்று சீரமைத்தால் நிலைமை முன்னைவிட மோசமாகும்.

உயரம் ஒத்துவரவில்லை. செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால் உயரத்தில் பிசகு எப்போதும் கூடுதல். பாரோமீட்டர் உள்ள கருவிகள் காற்றழுத்தத்தை வைத்து இதைச் சரிக்கட்டுகின்றன. கடல் மட்டத்தை ஒட்டி ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறைந்தால் சுமார் 8 மீட்டர் ஏறியதாகக் கணக்கு. ஆனால் அழுத்தம் வானிலையாலும் மாறும். உயரம் தெரிந்த இடத்தில் காலையில் ஒருமுறை சரிசெய்துகொள்ளுங்கள். இதில் ஒரு லாபமும் உண்டு: இரவு முழுக்கக் கூடாரத்தில் அசையாமல் கிடந்த கருவி, விடிந்ததும் முப்பது நாற்பது மீட்டர் ஏறியதாகக் காட்டினால் அழுத்தம் இறங்கியிருக்கிறது. வானிலை கெடப்போகிறது என்று எடுத்துக்கொண்டு அன்றைய திட்டத்தைச் சுருக்கலாம்.

நடந்த தூரம் அதிகமாகக் காட்டுகிறது. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் கருவி மட்டும் அங்குமிங்கும் சில மீட்டர் அலைந்து அதையும் கூட்டிவிடும். நீண்ட ஓய்வின்போது பதிவை நிறுத்தி வையுங்கள்.

திடீரென்று அணைகிறது. சைக்கிளில் மாட்டியிருந்தால் அதிர்ச்சியில் பேட்டரி ஒரு கணம் தொடர்பு விட்டுப்போகிறது. இல்லையென்றால் தொடும் முனைகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு உலர்ந்த துணியாலோ பென்சில் ரப்பராலோ தேய்த்தால் போய்விடும். மாதக்கணக்கில் பயன்படுத்தாதபோது பேட்டரியைக் கழற்றி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை. கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆன யுஎஸ்பி கேபிள்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் தரவு போகாது.

திரை உறைந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். ஆனாகும்போதே மாட்டிக்கொண்டால் மெமரி கார்டை எடுத்துவிட்டு முயலுங்கள். கெட்ட வரைபடக் கோப்பு ஒன்று போதும் கருவியை முடக்க. முழு ரீசெட் கடைசி வழி, அது சேமித்த இடங்களையும் தடங்களையும் துடைத்துவிடலாம். முடிந்தால் முதலில் ஜிபிஎக்ஸ் கோப்புகளை (இடங்களும் தடங்களும் இருக்கும் கோப்புகள்) நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ரீசெட்டுக்கு அழுத்த வேண்டிய பட்டன்கள் மாடலுக்கு மாடல் வேறு, கையேட்டைப் பாருங்கள். ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள் மென்பொருள்) புதுப்பிப்பதையும் பயணத்துக்கு முந்தைய இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

தேதி தப்பு. பழைய கருவி சுமார் இருபது வருடம் பின்னால் போய் நிற்கிறதா? ஜிபிஎஸ் சிக்னலில் வார எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 10 பிட். 1024 வாரம் ஆனதும் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும். 1999 ஆகஸ்ட்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி ஆனது, அடுத்தது 2038 நவம்பர். பல கருவிகளில் தேதி மட்டும் தப்பாக இருக்கும், இடம் சரியாகவே வரும். ஃபர்ம்வேர் கிடைத்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் தேதியைக் கண்டுகொள்ளாமல் பயன்படுத்தலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் தீராவிட்டால், திறந்த மைதானத்தில் வேறொரு கருவியை அல்லது போனைப் பக்கத்தில் வைத்து அரை மணி நேரம் விடுங்கள். அது பத்துப் பன்னிரண்டு செயற்கைக்கோள் பிடித்திருக்கும்போது உங்களுடையதில் ஒரு பட்டைகூட எழவில்லை என்றால் ஆன்டெனா போயிருக்கலாம், சர்வீசுக்குக் கொடுங்கள்.