பச்சிளங்குழந்தைக்கு மஞ்சள் காமாலையா? கைவைத்தியத்தில் நேரத்தை இழக்காதீர்கள்

பிறந்த குழந்தையின் மஞ்சள் நிறம் பெரும்பாலும் தானே மறைந்துவிடுவதால்தான், கீழாநெல்லிச் சாறும் கழுதைப்பாலும் அதைக் குணப்படுத்தியதாகக் கடலூர்ப் பக்கம் பேர் வாங்கிவிடுகின்றன. ஆனால் இந்த மஞ்சளுக்குக் காரணமான, ரத்தத்தில் சேரும் பிலிரூபின் என்ற நிறமியின் அளவு மிகுந்தால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். காது கேளாமலும் போகலாம்.

பகல் வெளிச்சத்தில் நெற்றியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்து, அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு மார்பிலும் வயிற்றிலும் அவ்வாறே பாருங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தாலோ, பால் குடிக்காமல் குழந்தை துவண்டு கிடந்தாலோ, இரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல், கடலூர் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ கொண்டு செல்லுங்கள். வண்டி இல்லையெனில் 108ஐ அழையுங்கள்.

அங்கே அளிக்கப்படும் நீல ஒளிச் சிகிச்சை வலியற்றது. காலை வெயிலில் கிடத்துவது அதற்கு ஈடாகாது. மருத்துவர் சொன்னாலன்றித் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.