மோட்டார் படகுக்கு டிங்கி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் குடும்பத்தோடு கடலுக்குப் போகும் மோட்டார் படகுகள் அதிகம் இல்லை. ஆயினும் புதிதாக ஒருவர் அத்தகைய படகை வாங்கி, அடுத்த மாதமே அதற்கு ஒரு டிங்கியும், அதாவது கரைக்குப் போய்வரும் சிறு துணைப்படகும், தேடத் தொடங்கும்போது, நாங்கள் ஒரு காலத்தில் கையைச் சுட்டுக்கொண்ட அதே தவறுகளை அவரும் வரிசை மாறாமல் செய்வதைக் காண்கிறேன். லைஃப் ஜாக்கெட் அணிவது, குழந்தைகளை டிங்கியில் தனியே விடாதிருப்பது, வானிலை அறிக்கை பார்ப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றையும் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், அவர் கடலுக்குப் போகாதிருப்பதே நல்லது.

வாங்கிய பிறகு இடம் தேடுவது

டிங்கி தண்ணீரில் இருக்கும் நேரத்தைவிடத் தாய்ப்படகின் மேல் இருக்கும் நேரமே அதிகம். ஆகவே அதை எங்கே வைக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, டேப்பால் அளந்து, அதன் பிறகே கடைக்குப் போக வேண்டும். 25 அடிப் படகின் முன்தளத்தில் 2.7 மீட்டர் டிங்கியைக் கவிழ்த்து வைத்தால், அவசரத்தில் நங்கூரத்தை எடுக்க வழி இருக்காது. சுக்கான் பிடிப்பவருக்கு முன்னால் இருப்பதும் தெரியாது. பின்பக்கம் நிறுத்தி வைத்தால் பின்விளக்கு மறையும். இரவில் பின்னால் வரும் விசைப்படகுக்காரருக்கு நீங்கள் அங்கே இருப்பதே தெரியாது. கடலில் இறங்கிக் குளிப்பதற்காகப் பின்பக்கம் உள்ள மேடையின் ஏணியும் டிங்கிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். தண்ணீரில் விழுந்தவர் ஏறுவதற்கு இருந்த ஒரே வழி அதுதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.

விளம்பரத் தாளின் எடையை நம்புவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். அடிப்பக்கம் ஃபைபரும் சுற்றிலும் காற்றுக்குழாயுமாக உள்ள ‘ரிப்’ வகை டிங்கி ஒன்றின் தாளில், நீளம் 3.1 மீட்டர், எடை 55 கிலோ என்று போட்டிருக்கும். அது மோட்டார், பெட்ரோல், துடுப்பு, நங்கூரம், கயிறு எதுவுமில்லாத, உலர்ந்த வெறும் படகின் எடை. 15 குதிரைத்திறன் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் மட்டுமே ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். 12 லிட்டர் பெட்ரோல் சுமார் 9 கிலோ. சில்லறைச் சாமான்களையும் கூட்டினால் 125 கிலோவைத் தொட்டுவிடும். டிங்கியைப் பின்பக்கம் தொங்கவிடுவதற்காக வாங்கிய டேவிட் எனும் தூக்குக் கைகள் இரண்டும் சேர்ந்து 150 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால், இன்னும் 25 கிலோ மிச்சமிருக்கிறதே என்று உரிமையாளர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்.

மழையை அவர் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார். டிங்கியின் உள்தளம் 2 மீட்டர் நீளமும் 75 சென்டிமீட்டர் அகலமும் என்று கொண்டால், அதில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்பது 150 லிட்டர்; அதாவது 150 கிலோ. அந்த அளவுக்கு நீர் நிற்க 10 சென்டிமீட்டர் மழைகூடத் தேவையில்லை. பக்கக் குழாய்களின் மேல் விழும் மழையிலும் ஒரு பாதி உள்ளேதான் வழியும். வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்கு ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் என்பது அதிசயமன்று. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தங்கள் 26 அடிப் படகில் இப்படித்தான் ஒரு ரிப்பைத் தொங்கவிட்டிருந்தது. அடியிலுள்ள வடிகால் மூடி தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக அதை நன்றாக முறுக்கி மூடியிருந்தார்கள். மேலே கட்டிய தார்ப்பாய் நடுவில் தொய்ந்து, அதுவே ஒரு குட்டையாகியிருந்தது. மோட்டாரைக் கழற்றி வைக்கும்படி நான் சொன்னபோது, “அண்ணே, தாங்கும்னு கடையிலேயே சொல்லிட்டாங்க” என்று பதில் வந்தது. தீபாவளிக்கு அவர்கள் சொந்த ஊருக்குப் போயிருந்த வாரத்தில் ஓர் இரவு முழுக்க மழை பெய்தது. காலையில் காவலாளி தொலைபேசியில் கூப்பிட்டு, “சார், சின்ன போட்டு ஒரு பக்கமா தொங்குது” என்றார்.

போய்ப் பார்த்தபோது, ஒரு டேவிட்டின் அடித்தட்டு ஃபைபர் தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. போல்ட்டுகளின் மறுமுனையில் ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதில்லாத வாஷர்கள் மட்டுமே இருந்தன. இரண்டு ஃபைபர் தோல்களுக்கும் நடுவிலிருந்த பிளைவுட் கறுத்துப் போய், விரலால் அழுத்தினால் ஈரத் தூளாக உதிர்ந்தது. இன்னும் பிய்யாத மற்றொரு டேவிட்டின் துளைகளைச் சுற்றியும் மேல்பூச்சில் மெல்லிய கீறல்கள் கிளம்பியிருந்தன. தண்ணீர் பல மாதங்களாகவே உள்ளே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இரவு கணக்கை முடித்து வைத்தது, அவ்வளவுதான். பின்சுவரை அறுத்து, ஊறிய மரத்தை எடுத்து, புதிதாக ஃபைபர் போட்டு முடிப்பதற்குள் டிங்கியின் விலையைவிட அதிகமாகச் செலவாகிவிட்டது.

இதில் யாரும் கவனிக்காத சங்கதி நெம்புகோல் கணக்கு. டேவிட் கை கிணற்று ஏற்றம் போன்றது. நுனியில் சிறிய எடை தொங்கினாலும் அடியில் பெரிய விசையாக மாறும். மழைநீரோடு மொத்தம் 275 கிலோ என்றால் ஒவ்வொரு கையிலும் சுமார் 137 கிலோ. கை 80 சென்டிமீட்டர் வெளியே நீண்டு, அடித்தட்டின் போல்ட்டுகளுக்கிடையே 15 சென்டிமீட்டர் மட்டுமே இருந்தால், விசை ஐந்து மடங்குக்கும் மேலாகி, போல்ட்டுகளை 700 கிலோவுக்கு மேல் இழுக்கும். படகு அசையாமல் நிற்கும்போதே இந்த நிலை. அலையில் அது எழுந்து விழும்போது நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே டேவிட் தாங்கும் எடையில் பாதிக்கு மேல் தொங்கவிடாதீர்கள். அடித்தட்டுக்குப் பின்னால், அதைவிடப் பெரிதாக, 6 மில்லிமீட்டர் கனமுள்ள உலோகத் தகடு ஒன்றை வைத்துப் போல்ட்டை இறுக்கச் சொல்லுங்கள். பொருத்துபவர் “தேவையில்லை” என்றால் வேறு ஆளைப் பாருங்கள். வடிகால் மூடியைத் திறந்து, சிறு கயிற்றால் டிங்கியின் கைப்பிடியிலேயே கட்டிவிடுங்கள். வடிகால் உள்ள முனை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி தொங்கவிடுங்கள். தார்ப்பாய் போட்டால் நடுவில் ஒரு கழி கொடுத்துக் கூரை போல் தூக்கிக் கட்டுங்கள். மோட்டாரைத் தாய்ப்படகின் கைப்பிடிக் கம்பியில் தனித் தாங்கி அமைத்து மாட்டுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வளவு பெரிய டிங்கி எதற்கு என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பின்முனையாகிய அமரத்தில் 125 கிலோ தொங்குவது, இருவர் நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருப்பதற்குச் சமம். முன்முனையாகிய அணியம் தூக்கிக்கொள்ளும், படகு நீர்மேல் எழுந்து ஓடத் தாமதமாகும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். நங்கூரமிட்ட இடத்திலிருந்து படித்துறைவரை நான்கு பேர் இருவர் இருவராகப் போய்வர, காற்றுத் தரை கொண்ட 2.4 மீட்டர் டிங்கியும் 2.5 குதிரைத்திறன் மோட்டாரும் போதும். இரண்டும் சேர்ந்து 50 கிலோவை ஒட்டியே இருக்கும். 30 அடிக்குக் குறைந்த படகின் பின்னால் 15 குதிரைத்திறன் ரிப் தொங்குவது, என் கண்ணுக்கு, வெறும் வீம்பு.

இழுத்துக்கொண்டே போவது

டிங்கியைக் கயிற்றில் கட்டிப் பின்னால் இழுத்துப்போவது துறைமுகத்துக்குள் பரவாயில்லை. வெளியே, குறிப்பாகச் சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம் பக்கமிருந்து வடக்கே திரும்பும்போது, ஆபத்து. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்தே வருகிறது. துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்ததும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் அந்த அலையின் வேலைதான். பின்னாலிருந்து வரும் அலையில் வெறும் டிங்கி சறுக்கி ஓடிவந்து பின்சுவரில் மோதும். பிறகு பின்வாங்கிக் கயிற்றை வெடுக்கென்று இழுக்கும். தவிர்க்க முடியாவிட்டால் மோட்டாரைக் கழற்றிவிட்டு, டிங்கியின் இரு பக்க வளையங்களிலிருந்தும் கயிறு எடுத்து ஒன்றாக்கி, அலை உங்கள் படகைத் தூக்கும்போதே டிங்கியையும் தூக்கும் அளவுக்கு நீளம் விடுங்கள். நைலான் கயிறு மூழ்கும். மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறே வேண்டும். அதையும் படகைப் பின்னோக்கி எடுக்கும் முன் ஒருவர் கையில் சுருட்டிப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் நேராக ப்ரொப்பெல்லருக்குள் போகும்.

சென்னை வெயிலை மறப்பது

பி.வி.சி. துணியில் செய்த டிங்கி விலை குறைவு. ஆனால் நம் வெயிலில் அதன் ஒட்டுகள் விரைவில் பிசுபிசுத்துப் பிரியும். செயற்கை ரப்பர் பூசிய ஹைப்பலான் வகைத் துணி விலை கூடுதல் என்றாலும் பல ஆண்டுகள் உழைக்கும். எந்தத் துணியானாலும் விடியற்காலையில் கல் போல் காற்றடைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். 25 டிகிரியில் 0.25 பார் அழுத்தம் வைத்த குழாய்க்குள் மதியம் காற்று 50 டிகிரியைத் தொட்டால், அழுத்தம் 0.35 பாரை எட்டும். பத்து மணிக்கு மேல் சற்றுக் காற்றை இறக்கிவிட்டு, மாலையில் மீண்டும் அடைத்துக்கொள்ளுங்கள்.

துடுப்பில்லாமல் கிளம்புவது

வேண்டாம்.

எஞ்சின் நிறுத்தும் கயிற்றை மாட்டாதிருப்பது

மணிக்கட்டில் மாட்டாமல் மோட்டாரைக் கிளப்பக் கூடாது. ஓட்டுபவர் விழுந்துவிட்டால் ஆளில்லாத டிங்கி வட்டமடித்து அவர் மேலேயே வரும்.

மோட்டாரை எப்படியும் படுக்க வைப்பது

ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டாரை எந்தப் பக்கம் படுக்க வைக்கலாம் என்பது கையேட்டில் இருக்கும். பல மோட்டார்களில் உறையின் மேலேயே குறியும் இருக்கும். மாற்றிப் படுக்க வைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கும்.

அலை உடையும் கரையில் இறங்குவது

படகைச் சற்றுத் தள்ளி நங்கூரமிட்டுவிட்டு, பிள்ளைகளோடு டிங்கியில் கடற்கரைக்குப் போகலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது. நொச்சிக்குப்பத்து மீனவர் ஃபைபர் படகில் அலை தாண்டுவதைப் பார்த்துவிட்டு, அது எளிது என்று எண்ணிவிடக் கூடாது. அவர் வரும் அலைகளை நின்று பார்த்து, இடைவெளி கிடைக்கும் நேரத்தில் முழு விசையில் ஓட்டுகிறார். அவரது படகின் நீளமும் வேறு, மோட்டாரின் பலமும் வேறு. 2.4 மீட்டர் டிங்கி உடையும் அலையில் குறுக்காகத் திரும்பினால், அடுத்த நொடியே கவிழும். சூடான மோட்டாரும் அதன் ப்ரொப்பெல்லரும் தலைக்கு மேல் வரும். கரையில் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், படித்துறையோ அலையில்லாத உப்பங்கழியோ உள்ள இடமாகப் பார்த்துப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். முட்டுக்காட்டு முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடுவதுண்டு; ஆகையால் கடல் வழியாக உள்ளே நுழைந்துவிடலாம் என்று எண்ணிப் புறப்படுவதற்கு முன், அன்றைய நிலையை அங்குள்ள மீனவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.