கேட்வேயில் டைனமிக் ரூட்டிங்: நெய்பர் வந்த பிறகும் நெட்வொர்க் விழுவது ஏன்?

எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி (ரூட்) என்பதை ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக் கற்றுக்கொள்வதே டைனமிக் ரூட்டிங்; அப்படிப் பேசும் பக்கத்து ரவுட்டர்தான் நெய்பர். நிறுவன கேட்வேயில் (உள் நெட்வொர்க்கை வெளியுலகோடு இணைக்கும் பெட்டி) ஓஎஸ்பிஎஃப் (நிறுவனத்துக்குள் ரூட் பரிமாறும் புரோட்டோகால்) போட்டால் 'ஃபுல்', பிஜிபி (பெரும்பாலும் நிறுவனங்களுக்கு இடையே ரூட் பரிமாறுவது) போட்டால் 'எஸ்டாப்ளிஷ்ட்': நெய்பரோடு இணைப்பு முழுமை என்று பொருள். திரையில் இந்த வார்த்தை வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். ஆளைப் படுத்தும் தவறுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் தலைகாட்டும்.

நெய்பரே வராத சிக்கல் ஒப்பீட்டளவில் எளிது. ஹலோ, டெட் டைமர்கள் ('இருக்கிறேன்' என்று சொல்லும் ஹலோ பாக்கெட்டின் இடைவெளி, அது வராவிட்டால் நெய்பர் போனதாகக் கொள்ளும் நேரம்; ஈதர்நெட்டில் வழக்கமாக 10, 40 விநாடி), ஏரியா எண், சப்நெட் மாஸ்க், பாஸ்வேர்ட் ஆகியவை இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குக் காரணம், கேட்வே முதலில் ஒரு ஃபயர்வால் என்பதை மறப்பது. ஓஎஸ்பிஎஃப்புக்கு போர்ட் கிடையாது. அது ஐபி புரோட்டோகால் எண் 89. 224.0.0.5, 224.0.0.6 என்ற மல்டிகாஸ்ட் (குழு) முகவரிகளுக்கு மட்டும் ரூல் எழுதினால் ஹலோ போகும், நெய்பர் தெரியும், ஆனால் ரூட் விவரம் பரிமாறத் தொடங்கும் 'எக்ஸ்ஸ்டார்ட்' நிலையிலேயே நின்றுவிடும். ஈதர்நெட்டில் டேட்டாபேஸ் விவரப் பாக்கெட்டுகள் நேராக நெய்பரின் முகவரிக்கே யுனிகாஸ்டாகப் போவதுதான் காரணம். அதற்கும் ரூல் வேண்டும்.

எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) பொருந்தாவிட்டாலும் இதே அறிகுறிதான் தெரியும். ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 1400 என்றால், 1400 உள்ள பெட்டி மற்றதன் பாக்கெட்டை ஏற்காது. பலர் உடனே எம்டியு சோதனையை அணைத்துவிடுகிறார்கள். இன்றைக்கு நெய்பர் வந்துவிடும். ரூட்கள் பெருகி அப்டேட் பாக்கெட்டுகள் பெரிதாகும் நாளில் மறுபடி விழும். எம்டியுவைச் சரிசெய்வதே வழி.

ரவுட்டர் ஐடியை (ரூட்டிங்கில் பெட்டியின் அடையாள எண்) கையால் எழுதுங்கள். பெட்டியின் விருப்பத்துக்கு விட்டால், பெரும்பாலும் மிகப் பெரிய லூப்பேக் (பெட்டிக்குள்ளேயே இருக்கும் மெய்நிகர் இன்டர்ஃபேஸ்) முகவரியை எடுத்துக்கொள்ளும்; யாரோ ஒரு லூப்பேக் சேர்த்த பிறகு வரும் ரீபூட்டில் ஐடி மாறிவிடும். டெம்ப்ளேட்டிலிருந்து நகலெடுத்த இரண்டு தனித்தனி கேட்வேக்களில் ஒரே ஐடி இருந்தால், ஒன்று அறிவித்ததை மற்றது மாறி மாறித் திருத்திக்கொண்டே இருக்கும். கிளஸ்டர் (ஒரே கேட்வே போல இயங்கும் பெட்டிகளின் குழு) விஷயம் வேறு: பல தயாரிப்புகளில் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே ஐடி, ஒரே ரூட்டிங் கான்ஃபிக் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபெயில்ஓவரின்போது (ஒரு பெட்டி விழுந்து மற்றது பொறுப்பேற்கும்போது) புது ரவுட்டர் வந்ததாக நெய்பர்கள் நினைப்பார்கள்.

அதிக சேதம் செய்வது ரீடிஸ்ட்ரிபியூஷன், அதாவது ஒரு புரோட்டோகாலில் கற்ற ரூட்டை இன்னொன்றில் போடுவது. இரண்டு கேட்வேக்கள் பிஜிபிக்கும் ஓஎஸ்பிஎஃப்புக்கும் இடையில் இரு திசையிலும் ரூட்களை மாற்றிக் கொடுக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேட்வே பிஜிபியில் கற்ற ரூட்டை ஓஎஸ்பிஎஃப்பில் போடும். இரண்டாவது அதை ஓஎஸ்பிஎஃப்பிலிருந்து எடுத்து, தன்னுடைய ரூட் போல பிஜிபிக்குத் திருப்பி அனுப்பும். சிஸ்கோவில் ஓஎஸ்பிஎஃப்பின் டிஸ்டன்ஸ் (ஒரே ரூட் இரண்டு புரோட்டோகாலில் வந்தால் எதை நம்புவது என்பதற்கான எண்) 110, ஐபிஜிபியின் (ஒரே நிறுவனத்துக்குள் ஓடும் பிஜிபி) டிஸ்டன்ஸ் 200. குறைந்த எண் ஜெயிக்கும் என்பதால் சுற்றிவந்த ரூட்டே சரியான ரூட்டைத் தள்ளிவிடும். மருந்து டேக்: ஓஎஸ்பிஎஃப்பில் போடும்போது ஒரு டேக் எண்ணை ஒட்டுங்கள், எதிர்த்திசையில் அந்த எண்ணை மறுத்துவிடுங்கள். ஃபில்டர் இல்லாத ரீடிஸ்ட்ரிபியூஷனே வேண்டாம். ஸ்டாட்டிக் (கையால் எழுதிய) ரூட்களை மொத்தமாகத் தள்ளினால், எங்கும் போகக்கூடாத மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கும் கூடவே போய்விடும்.

இரண்டு இன்டர்நெட் நிறுவனங்களோடு பிஜிபி பேசும் கேட்வேயில் வெளியே போகும் ஃபில்டர் இல்லையென்றால், ஒருவரிடம் கற்றதை மற்றவரிடம் அறிவித்து, ஊர் டிராஃபிக் எல்லாம் உங்கள் வழியாகப் பாயக்கூடும். 1997 ஏப்ரல் 25 அன்று ஏஎஸ் 7007 (ஏஎஸ் என்பது ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள நெட்வொர்க்; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்) தவறாக அறிவித்த ரூட்கள் இன்டர்நெட்டின் பெரும்பகுதியைக் குழப்பின. பாலிசி எழுதாத இபிஜிபி (வேறு ஏஎஸ்ஸோடு பேசும் பிஜிபி) எந்த ரூட்டையும் ஏற்கவோ அனுப்பவோ கூடாது என்று 2017-ல் ஆர்எஃப்சி 8212 என்ற இன்டர்நெட் தர ஆவணம் சொன்னது. எல்லாப் பெட்டிகளும் அதைப் பின்பற்றுவதில்லை. சொந்த முகவரித் தொகுதிகளை மட்டும் வெளியே விடுங்கள், உள்ளே வரும் ரூட்களுக்கு அதிகபட்ச எண்ணிக்கை வையுங்கள். முழு டேபிள் (இன்டர்நெட்டின் எல்லா ரூட்களும்) பெரும்பாலான கேட்வேக்களுக்குத் தேவையே இல்லை. டீஃபால்ட் ரூட் (வேறு ரூட் தெரியாத எதற்கும் உரிய வழி) போதும்.

அடுத்தது வழி மாறித் திரும்பும் டிராஃபிக். வெளியே போவது முதல் கேட்வேயில், பதில் வருவது இரண்டாவதில் என்றால், அங்கே செஷன் பதிவு இல்லாததால் ஃபயர்வால் பதிலைத் தூக்கிப் போட்டுவிடும். லோக்கல் பிரிஃபரன்ஸ் (பிஜிபி ரூட்டுக்கு நீங்கள் தரும் முன்னுரிமை எண்) வெளியே போகும் வழியை மட்டுமே தீர்மானிக்கும். உள்ளே வரும் வழிக்கு ஏஎஸ் பாத் பிரிபென்ட் (உங்கள் ஏஎஸ் எண்ணைத் திரும்பத் திரும்பச் சேர்த்து வழியை நீளமாகக் காட்டுவது) போன்றதும் வேண்டும். டிரேஸ்ரூட் போகும் வழியை மட்டுமே காட்டுவதால் மறுமுனையிலிருந்தும் ஓட்டிப் பாருங்கள்.

டன்னல் (இன்டர்நெட் வழியாக இரு கேட்வேக்களை இணைக்கும் மெய்நிகர் இணைப்பு) எழும்பி, சிறிது நேரத்தில் விழுந்து, மறுபடி எழும்புகிறதா? டன்னலின் மறுமுனை முகவரியையே டன்னல் வழியாகக் கற்றிருக்கும். அந்த முகவரிக்கு இன்டர்நெட் பக்கமாக /32 (ஒரே ஒரு முகவரிக்கான) ஸ்டாட்டிக் ரூட் போடுங்கள்.

டைமர்களில் அவசரமும் ஆபத்துதான். பிஜிபி ஹோல்ட் டைமர் (நெய்பர் பேசாவிட்டால் காத்திருக்கும் நேரம்) பல பெட்டிகளில் 180 விநாடி என்பதால், இணைப்பு போனதை வேகமாகக் கண்டறியும் பிஎஃப்டி புரோட்டோகாலைச் சேர்ப்பார்கள். 300 மில்லிவிநாடி வீதம் 3 முறை தவறினால் 0.9 விநாடியில் இணைப்பு போனதாக முடிவு. கிளஸ்டர் மாறவே 2 விநாடி ஆகுமென்றால், ஒவ்வொரு ஃபெயில்ஓவரிலும் பிஎஃப்டி முந்திக்கொண்டு நெய்பரை வெட்டிவிடும். பிஎஃப்டியின் நேரத்தை அதற்கு மேலே வையுங்கள். சோதிக்கும்போது கேட்வேயின் கேபிளைப் பிடுங்காதீர்கள்: இன்டர்ஃபேஸ் உடனே டவுன் ஆகி, எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும். நடுவிலுள்ள ஸ்விட்சில் மறுமுனையின் போர்ட்டை அணைத்துப் பாருங்கள். உண்மையான நேரம் அப்போதுதான் தெரியும்.