உங்கட பால்கனிக்கு எத்தனை செய்மதி தெரியும்? நீங்களே கணக்குப் பாக்கிற விதம்

செய்மதியால இன்ரநெட் குடுக்கிற ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில இலங்கைக்கு வந்தாப் பிறகு சொந்தக்காரர், ஒஃபிஸ் ஆக்கள், கீழ் வீட்டு அன்ரி எண்டு எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கினம். "ஆயிரக்கணக்கில செய்மதி மேல சுத்துதாம், அப்ப வெள்ளவத்தை ஃப்ளாட் பால்கனில டிஷ் வச்சாப் பிடிக்கும் தானே?" ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது. மேல எத்தனை இருக்கு எண்டது பாதி விஷயம்தான், அதுகளை எப்பிடிப் பரப்பி வச்சிருக்கினம், நீங்க நிக்கிற இடத்தில இருந்து வானம் எவ்வளவு பதிவா, அதாவது அடிவானத்துக்கு எவ்வளவு கிட்ட வரைக்கும், தெரியுது எண்டதுதான் மிச்சம். ஒரு அன்ட்ரொய்ட் ஃபோன், ஒரு பழைய லாப்டொப், ஒரு கல்குலேட்டர் இருந்தா காசு குடுக்க முன்னம் நீங்களே பாத்திடலாம். ஐபோன்காரருக்கு கடைசியில எழுதியிருக்கிறன்.

படி 1: ஃபோனில வானத்தைப் பாருங்கோ

ஜிபிஎஸ்டெஸ்ட் எண்ட அப்பைப் போடுங்கோ. கிட்டத்தட்ட அதே பேரில வேற அப்பும் கிடக்கு, ஓப்பன் சோர்ஸா இருக்கிறதை எடுங்கோ, எனக்கு அதுதான் பிடிக்கும், விளம்பரத் தொல்லை இல்லை. பிறகு வெட்டவெளிக்குப் போங்கோ. காலிமுகத்திடல்தான் என்ர தெரிவு, மேற்குப் பக்கம் கடல் எண்டபடியா அடிவானம் வரைக்கும் ஒண்டும் மறைக்காது. அப்பில ஸ்கை எண்ட பக்கத்தில ஒரு வட்டம் வரும், நடுப்புள்ளி உங்கட உச்சந்தலைக்கு நேர மேல, ஓரம் அடிவானம்.

இதில ஸ்டார்லிங்க் வராது, இடம் காட்டுற செய்மதியள்தான் வரும், ஆனா கூட்டமா அடுக்கிறது எப்பிடி எண்டு விளங்க இது காணும். அமெரிக்காவின்ர ஜிபிஎஸ், ரஷ்யாவின்ர குளோனாஸ், ஐரோப்பாவின்ர கலிலியோ, சீனாவின்ர பெய்டூ எல்லாம் அதில கலந்து கிடக்கும். ஜிபிஎஸ்ஸின்ர அடிப்படை அமைப்பு 24 செய்மதி, 6 தளத்தில (தளம் எண்டா செய்மதியள் வரிசையா போற ஒரு சுத்துப்பாதை) தளத்துக்கு 4, உயரம் 20,200 கிலோமீட்டர். இடம் கண்டுபிடிக்க ஒரே நேரத்தில நாலு தெரியோணும், மூண்டு உங்கட இடத்துக்கு, நாலாவது ஃபோனில இருக்கிற மலிவு மணிக்கூட்டின்ர பிழையைத் தீர்க்க. அதால ஒரு செய்மதி எவ்வளவு திறமெண்டாலும் தனிய நிண்டு பிரயோசனம் இல்லை, எந்த நேரமும் எந்த ஊருக்கும் நாலு தெரியிற மாதிரி கூட்டமா அடுக்கினாத்தான் வேலை நடக்கும்.

இதில ரெண்டு விஷயம் கவனியுங்கோ. ஒண்டு, ஒரு நேரத்தில ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வச்சிட்டு அடுத்த நாள் 4 நிமிஷம் முந்தி அதே இடத்தில பாத்தா ஜிபிஎஸ் செய்மதியள் அச்சொட்டா அதே இடத்தில நிக்கும், ஏனெண்டா அதுகள் 11 மணி 58 நிமிஷத்தில ஒரு சுத்து. மற்றது, நேர வடக்குப் பக்கம் பதிவா பாருங்கோ, அங்க ஜிபிஎஸ் ஒண்டும் வராது. ஃபோன் பிழை இல்லை. ஜிபிஎஸ் பாதையள் மத்திய கோட்டுக்கு 55 பாகை சரிவு, அதால 55 பாகை அகலாங்குக்கு மேல அதுகள் போறதே இல்லை. 7 பாகையில இருக்கிற கொழும்பில இருந்து பாத்தா நேர வடக்கில 30 பாகை உயரம் வரைக்கும் ஓட்டை. குளோனாஸின்ர சரிவு 65 பாகைக்குக் கிட்ட, அதால அந்த ஓட்டையில கொஞ்சம் அது அடைக்கும். நாலு அமைப்பையும் ஒரே ஃபோனில பாவிக்கிறதில இப்பிடியும் ஒரு நன்மை இருக்கு.

பெய்டூவில இன்னொரு வேடிக்கை. அவையின்ர ஒரு நிலையான செய்மதி 80 பாகை கிழக்கு நெட்டாங்கில நிக்குது, கொழும்பு 79.9, அதால அது எங்களுக்குக் கிட்டத்தட்ட உச்சிக்கு மேலயே அசையாம நிக்கும். எல்லா ஃபோனும் அதைக் காட்டாது.

(நிலையான செய்மதி எண்டா இன்னொரு கதையும் சொல்லோணும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில மூண்டே மூண்டு வச்சா துருவப் பக்கம் தவிர பூமி முழுக்க மூடலாம் எண்டு 1945இல எழுதினவர் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், பிறகு 1956இல இருந்து இஞ்ச வந்து இருந்திட்டார். அப்ப ஏன் இப்ப ஆயிரக்கணக்கில விடினம் எண்டா, தூரம். மேல போய்க் கீழ வரவே கால் விநாடி, பதிலும் வந்து சேர அரை விநாடி. வீடியோ கோல்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்தில கதைக்கத் தொடங்குவினம்.)

படி 2: லாப்டொப்பில ஜிபிரெடிக்ட்

அழகா சுத்திக் காட்டுற வெப்சைட்டுகள் கனக்க இருக்கு, ஆனா கணக்குப் பாக்க ஜிபிரெடிக்ட் எண்ட செய்மதிப் பாதை காட்டுற மென்பொருள்தான் நல்லம், சும்மா கிடைக்கும், பழைய மெஷினிலயும் ஓடும். போட்டவுடன கிரவுண்ட் ஸ்டேஷனா கொழும்பைக் குடுங்கோ: வடக்கு 6.93, கிழக்கு 79.86. பிறகு பாதைத் தரவை நெட்டில இருந்து அப்டேட் பண்ணுங்கோ, அது செலஸ்ட்ராக் எண்ட வெப்சைட்டில இருந்து வரும்.

முதல்ல ஸ்டார்லிங்க்கைப் போடாதேங்கோ, திரை முழுக்க எறும்பு மொய்ச்ச மாதிரி வந்து லாப்டொப் மூச்சு வாங்கும். இரிடியம் எண்ட செய்மதி ஃபோன் அமைப்பில தொடங்குங்கோ. 66 செய்மதி, 6 தளம், தளத்துக்கு 11, உயரம் 780 கிலோமீட்டர், கிட்டத்தட்ட துருவத்துக்கு மேலால போற பாதை. ஒரு சுத்து 100 நிமிஷம், அதை 11ஆல பிரிச்சா 9 நிமிஷத்துக்கு ஒருக்கா அதே பாதையில அடுத்தது வருது. காலி வீதியில 101 பஸ் மாதிரி, ஒண்டு கண்ணுக்கு மறைய முன்னம் பின்னால ஒண்டு வந்திட்டா நீங்க ஹோல்ட்டில தனிய நிக்கிற நேரமே இல்லை. மற்றது, இரிடியம் செய்மதியள் தங்களுக்குள்ளயே முன், பின், இடம், வலம் எண்டு நாலு அயல் செய்மதியளோட கதைக்கும். அதால கீழ நடுக்கடலிலயும் தரை நிலையம் இல்லாமலே கோல் போகும்.

திரையை வேகமா ஓடவிட்டா எல்லாத் தளமும் துருவத்தில நெருங்கி எங்கட மத்திய கோட்டுப் பக்கம் விரியிறது தெரியும். அப்ப இந்த அமைப்புக்கு ஆக ஐதான இடம் எங்கட பக்கம்தான், இஞ்ச மூடுற அளவுக்கு எண்ணிக்கை வச்சாத்தான் உலகம் முழுக்க மூடும்.

படி 3: அந்த வட்டத்தை நம்பாதேங்கோ

என்னை ஆகக் கூட மினக்கெடுத்தினது இந்தப் படிதான், ஆறுதலா வாசியுங்கோ. ஜிபிரெடிக்ட் ஒவ்வொரு செய்மதியைச் சுத்தியும் ஒரு பெரிய வட்டம் கீறும். கொழும்பு அந்த வட்டத்துக்குள்ள இருந்தா சிக்னல் கிடைக்கும் எண்டுதான் எவருக்கும் தோணும். ஆனா அந்த வட்டம் அடிவானம் வரைக்கும் கீறினது, அதாவது செய்மதி கடலோட ஒட்டிக்கொண்டு நிண்டாலும் "தெரியுது" எண்டு கணக்கு. உண்மையான டிஷ் அவ்வளவு பதிவா பாக்காது. ஸ்டார்லிங்க்கின்ர 550 கிலோமீட்டர் உயரத் திட்டத்தில அடிவானத்தில இருந்து 25 பாகைக்கு மேலதான் கணக்கு.

வித்தியாசம் எவ்வளவு? கல்குலேட்டரை எடுங்கோ. பூமியின்ர ஆரம் 6371. அதை 6371 கூட்டல் செய்மதி உயரத்தால பிரியுங்கோ. வாறதை உங்கட உயரக் கோணத்தின்ர (அடிவானத்தில இருந்து எத்தனை பாகை மேல எண்டது) கொஸ்ஸால (cos) பெருக்குங்கோ. அதுக்கு கொஸ் இன்வேர்ஸ் எடுங்கோ. அதில இருந்து உயரக் கோணத்தைக் கழியுங்கோ. மிச்சத்தை 111ஆல பெருக்கினா வட்டத்தின்ர ஆரம் கிலோமீட்டரில.

550 கிலோமீட்டர் உயரத்துக்கு, கோணம் 0 எண்டா ஆரம் 2,550 அளவு. 25 பாகை எண்டா 940. பரப்பா பாத்தா ஏழில ஒரு பங்கு! ஒரு செய்மதி உங்களுக்குப் பிரயோசனப்படுற நேரமும் கூடினது நாலரை நிமிஷம்தான், அதுக்குள்ள அடுத்ததுக்கு மாறியாகோணும். ஸ்டார்லிங்க் 15 விநாடிக்கு ஒருக்கா ஆருக்கு எந்தச் செய்மதி எண்டு திருப்பித் திருப்பிப் பங்கு பிரிக்குது.

படி 4: பால்கனி

ஸ்டார்லிங்க்கின்ர முதல் அடுக்குத் திட்டம் 72 தளம், தளத்துக்கு 22, மொத்தம் 1,584, சரிவு 53 பாகை. இப்ப மேல அதை விடக் கனக்க இருக்கு, ஆனா கணக்குப் பழக இது காணும். 53 பாகைச் சரிவு எண்டா பாதையள் எல்லாம் 53 பாகை அகலாங்குப் பக்கம் வளைஞ்சு திரும்பும், அதால அங்க நெரிசல். பாரிஸ் இருக்கிற அகலாங்கில செய்மதியின்ர அடர்த்தி எங்கட பக்கத்தை விட மூண்டு மடங்கு. கொழும்பில 25 பாகைக்கு மேல ஒரு நேரத்தில சராசரியா 7 அளவில தெரியோணும்.

இனி பால்கனில நிண்டு ஃபோனில ஒரு கோணம் அளக்கிற அப்பைத் திறந்து, முன் கட்டிடத்தின்ர மொட்டைமாடி விளிம்பை ஃபோனின்ர ஓரத்தால குறி பாருங்கோ. 50 பாகை வந்துதெண்டு வைப்பம். அதே கணக்கைப் போட்டா ஆரம் 413, பரப்பு ஐஞ்சில ஒண்டு, 7 எண்டது ஒண்டரைக்குக் கீழ வந்திடும். சராசரி ஒண்டரை எண்டா சில நேரம் ரெண்டு, சில நேரம் பூச்சியம். அதுவும் நாலு பக்கமும் 50 எண்டாத்தான், பால்கனி எண்டா பின்னுக்கும் தலைக்கு மேலயும் உங்கட சொந்தக் கட்டிடமே மறைக்குது, அந்தப் பாதியையும் வெட்டுங்கோ. மொட்டைமாடிச் சாவி ஆரிட்ட இருக்கு எண்டு முதல்ல விசாரியுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன்.

பிறகு சேர்த்தது: விடை மைனஸ் 24 எண்டு வருது எண்டு ரெண்டு பேர் எழுதியிருந்தவை. கல்குலேட்டர் ரேடியனில நிக்குது, டிகிரிக்கு மாத்துங்கோ.

இன்னொருத்தருக்கு தரவு டவுன்லோட் ஆகேல்லயாம். பழைய ஜிபிரெடிக்ட் எண்டா அதில இருக்கிற முகவரியளே பழசு, புதுசைப் போடுங்கோ. புதுசு எண்டால் திரும்பத் திரும்ப அப்டேட்டை அமத்தியிருப்பியள், செலஸ்ட்ராக் தரவை ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் மாத்தும், அளவுக்கு மிஞ்சிக் கேட்டா உங்கட இணைப்பையே மறிச்சுப் போடும். ஒரு நாளைக்கு ஒருக்கா எடுத்தாலே தாராளம்.

ஐபோன்: எந்தச் செய்மதி எங்க நிக்குது எண்ட விபரத்தை அப்பிள் அப்புகளுக்குக் குடுக்கிறதில்லை, அதால படி 1க்கு வீட்டில ஆற்றயும் அன்ட்ரொய்டைக் கடன் வாங்குங்கோ. கோணம் அளக்கிற லெவல் மட்டும் ஐபோனிலயே மெஷர் அப்புக்குள்ள இருக்கு.