இலவச ஆபரேஷனுக்குக் குழந்தையை அழைத்துப்போகிறவர்கள் செய்யும் தவறுகள்

காலை ஆறரை மணி. அன்றைய ஆபரேஷன் தியேட்டர் பட்டியலில் நான் உதவிக்கு அழைத்துவந்த குழந்தைதான் முதல். பதினொரு மாதம், அண்ணப்பிளவு, அதாவது வாயின் மேற்கூரையில் பிளவு. "கடைசியா எப்ப பால் குடுத்தீங்க?" என்று நர்ஸ் கேட்டார். "நைட்டு பன்னெண்டுக்கு" என்றார் அம்மா. பக்கத்தில் நின்ற பாட்டி நிஜத்தைச் சொல்லிவிட்டார்: "அஞ்சு மணிக்குப் பசியில கத்துச்சு சார், மனசு கேக்கல. ரெண்டு பாலாடை பசும்பால்தான் ஊத்துனேன்."

அன்றைக்கு ஆபரேஷன் இல்லை. பென்னாகரம் பக்கத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்த குடும்பம் அப்படியே திரும்பியது.

பாட்டியைக் கோபித்து என்ன பயன்? நான்தான் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அதுவும் "வெறும் வயித்துல இருக்கணும்" என்று. எங்கள் ஊர்ப்பக்கம் பால் சாப்பாட்டுக் கணக்கில் வராது. பால் குடித்த வயிறும் வெறும் வயிறுதான். மயக்க மருந்து கொடுத்தபின் வயிற்றில் இருப்பது எதுக்களித்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பதை நான் விளக்கவில்லை. பசும்பாலும் பால்பவுடரும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம். இப்போதெல்லாம் முதல்நாள் ராத்திரி குழந்தையைத் தூக்கும் கை எத்தனை உண்டோ அத்தனை பேரையும் உட்காரவைத்துச் சொல்கிறேன். பாட்டிக்கு இரண்டு தடவை.

ஏழைக் குழந்தையின் ஆபரேஷன் என்றதும் நாம் பணத்தைத்தான் நினைக்கிறோம். வாட்ஸ்அப்பில் வீடியோ, வங்கிக் கணக்கு எண், வசூல். உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு ஆபரேஷனுக்கு இது தேவையே இல்லை. 1999-இல் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் அமைப்பின் உதவியோடு இயங்கும் மருத்துவமனைகளில் ஆபரேஷன் இலவசம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வேறு இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. அதற்கு வேண்டியது வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார். பதிவு கலெக்டர் ஆபீஸில். குழந்தையின் பிறப்புச் சான்றில் பெயர் ஏறாமல், ரேஷன் கார்டிலும் சேர்க்காமல் கிளம்பினால் ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு கேள்வி காத்திருக்கும். இன்னொன்று: திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரி என்றாலே எல்லா ஆபரேஷனும் அங்கே திட்டத்தில் நடக்கும் என்று அர்த்தமில்லை. இந்த ஆபரேஷனுக்கு உண்டா என்று கேட்டு, ஒப்புதல் வந்தபிறகே சேர்க்க வேண்டும். அவசரப்பட்டுக் கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் அலைவது வீண்.

பிறந்து இருபது நாளிலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் தவறுதான். உதட்டுப்பிளவுக்கு மருத்துவர்கள் பார்க்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு: 10 வாரம் ஆகியிருக்க வேண்டும், எடை 10 பவுண்டு, அதாவது சுமார் நாலரைக் கிலோ, ஹீமோகுளோபின் 10. பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் உதட்டைச் சரிசெய்கிறார்கள். அண்ணத்தை 9 மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள். முன்னாடியே போனால், "வெயிட் ஏறட்டும், அப்புறம் வாங்க" என்பார்கள். வீட்டுக்கு வந்து சேரும்போது அந்தச் செய்தி "முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்று மாறியிருக்கும். அதன்பின் அந்தக் குடும்பத்தை மறுபடி கிளப்புவது பெரும்பாடு.

அதனால் காத்திருக்கும் மாதங்களில்தான் நமக்கு நிஜமான வேலை. அண்ணத்தில் பிளவு இருந்தால் குழந்தையால் காம்பை உறிஞ்ச முடியாது. அம்மா தனக்குப் பால் இல்லை என்று நினைத்துக்கொள்வார். பால் இருக்கும், பீய்ச்சி, பாலாடையில் கொடுக்க வேண்டும். படுக்கவைத்து ஊற்றினால் மூக்கு வழியே வரும், புரையேறும். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, சொட்டுச் சொட்டாக, விழுங்கியபின் அடுத்த வாய். ஏப்பம் விடும்வரை தோளில் போட்டுத் தட்டணும். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். களத்து வேலை, அடுப்பு வேலை இரண்டையும் பார்க்கிற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு எட்டு தடவை இது. மாமியாருக்கும் கற்றுக்கொடுத்தால்தான் எடை ஏறும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லி மாதாமாதம் எடை பார்க்க வையுங்கள்.

மாமியார் பேச்சு வந்ததால் கிரகணத்தையும் சொல்லிவிடுகிறேன். "கிரகணத்தன்னிக்கு அருவாமனை எடுத்தா, அதான்" என்று பழி மருமகள் தலையில். இதை "மூடநம்பிக்கை" என்று மேடைக் குரலில் திட்டினால் கதவு சாத்திக்கொள்ளும். நான் கணக்குச் சொல்வேன்: கருவில் மேலுதடு கூடுவது 4-ஆம் வாரத்திலிருந்து 7-ஆம் வாரத்துக்குள். அப்போது தான் கர்ப்பம் என்பதே இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. பாட்டிமார் விரல்விட்டு எண்ணிப் பார்த்து அமைதியாகிவிடுவார்கள். எல்லாரும் இல்லை.

அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார். கையெழுத்துக்கு அம்மா போதும் என்று ஆஸ்பத்திரி சொன்னாலும், "அவர் வரட்டும்" என்று அந்தப் பெண் பேனாவைத் தொடமாட்டார். தேதி கிடைத்த அன்றே அப்பாவுக்குப் போன் போடுங்கள். ஆட்டை யார் ஓட்டுவது, மூத்த பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்பதையும் அதே போனில் பேசிவிடுங்கள். ஆபரேஷன் இலவசம், ஆனால் ஐந்து நாள் கூலி போவதை யாரும் தருவதில்லை. வசூலித்தே ஆக வேண்டும் என்றால் இதற்கு வசூலியுங்கள். சில குழந்தைகளுக்குப் பிளவோடு இதயக் கோளாறும் இருக்கும் என்பதால் எக்கோ என்னும் இதய ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். முன்கூட்டிச் சொல்லாவிட்டால், "ஹார்ட்டுலயும் என்னமோன்னு சொல்றாங்க" என்று பயந்து ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

படம் எடுத்துப் போடாதீர்கள். ஆறாம் வகுப்பில் அந்தப் படத்தை எவனாவது தேடி எடுப்பான்.

தையல் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் எனக்குத் தெரிந்த பெரிய தவறு. அண்ணத்து ஆபரேஷன் ஆனபின் மருத்துவர் சொல்லும் வரை கஞ்சி, கூழ், குழைந்த சோறுதான். பார்க்க வந்த சித்தப்பா முறுக்கைக் கையில் கொடுத்து, தையல் விட்டு ஓட்டை விழுந்த குழந்தையைப் பார்த்திருக்கிறேன். அண்ணம் மூடினாலும் பேச்சு தானாகச் சரியாகிவிடாது. காற்று மூக்கு வழியே போய்ப் பழகியதால் 'பாப்பா' 'மாம்மா' என்று கேட்கும். பேச்சுப் பயிற்சி வேண்டும். காதில் நீர் கோக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஈறிலும் பிளவு இருந்தால் 8 முதல் 11 வயதுக்குள் எலும்பு வைக்கும் ஆபரேஷன் வரலாம்.

பாலாடைப் பாட்டியின் பேத்திக்கு மூன்று வாரம் கழித்து ஆபரேஷன் நடந்தது. அந்த முறை ராத்திரி முழுக்கப் பாட்டி பால் சொம்பை எங்கள் கண்ணில் படும்படி ஜன்னலில் வைத்துவிட்டு, அதற்குக் காவல் உட்கார்ந்திருந்தார். பேத்தி இப்போது ஒன்றாம் வகுப்பு. பேச்சுப் பயிற்சிக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் அவர்தான் பஸ் ஏறி அழைத்துப்போகிறார்.