உயர்ந்ததா, உயர்த்தினார்களா? அரசியல் மொழியைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

2018 ஜனவரி 20 அன்று தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் ஏறியது. பாருங்கள், நானே 'ஏறியது' என்று எழுதிவிட்டேன். தானாக ஏறுவதற்குக் கட்டணத்துக்குக் காலா இருக்கிறது? அரசுதான் ஏற்றியது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், அதே மாதக் கடைசியில் அரசு கொஞ்சம் குறைத்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்த வகைச் செய்திகளில் ஒரு வழக்கம் உண்டு. கூடும்போது 'கட்டண உயர்வு' என்று வரும். குறையும்போது மட்டும் 'கட்டணத்தைக் குறைத்தார் முதல்வர்' என்று குறைத்தவருடைய பெயரும் சேர்ந்து வரும்.

அரசியலில் மொழி என்றதும் நமக்கு மேடைப்பேச்சும் அடுக்குமொழியும் கோஷமும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கேதான் முதல் தவறு.

வினைச்சொல்லை விட்டுவிடுவது

பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்தோமே, அதை இப்போது எடுங்கள். 'உயர்ந்தது' தன்வினை, 'உயர்த்தியது' பிறவினை. முக்கியமாக மாறுவது ஒரு மெய்யெழுத்து: ந் போய் த் வருகிறது. முடங்கியது, முடக்கியது. கலைந்தது, கலைத்தது. நீங்கியது, நீக்கியது. மெல்லினம் இருக்கும்வரை யாருக்கும் பொறுப்பில்லை. வல்லினம் வந்ததும் 'யார்?' என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது.

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். அன்றும் அதைத் தொடர்ந்தும் 13 உயிர்கள் போயின. அந்த நாளைச் சொல்ல எத்தனை வாக்கியங்கள் இருக்கின்றன, பாருங்கள். 'துப்பாக்கிச் சூடு நடந்தது.' 'துப்பாக்கிச் சூட்டில் பலர் பலி.' 'பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.' 'போலீசார் சுட்டதில் பலர் இறந்தனர்.' நாலில் எதுவும் பொய்யில்லை. ஆனால் முதல் வாக்கியத்தின் எழுவாய் எது? துப்பாக்கிச் சூடுதான். மழை பெய்வது மாதிரி அது தானே நடக்கிறது. நாலாவதில்தான் ஆள் வருகிறார். பிறகு 2022 அக்டோபரில் நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கையை அரசு சட்டப்பேரவையில் வைத்தது. காவல்துறை வரம்பு மீறியது என்று சொன்ன அந்த அறிக்கையில் அதிகாரிகளின் பெயர்களும் இருந்தன.

இதைப் படித்துவிட்டு எல்லாச் செயப்பாட்டு வினையும் சதி என்று கிளம்பிவிடாதீர்கள், அதுவும் தவறுதான். யார் செய்தது என்று தெரியாத முதல் நாளில் 'கொல்லப்பட்டார்' என்றுதான் எழுத முடியும். ஆள் தெரிந்த பிறகும் அதே வாக்கியம் தொடர்ந்தால் அப்போது சந்தேகப்படலாம்.

வினையே இல்லாத தலைப்புகள் இன்னும் மோசம். 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்பதில் இரண்டு பெயர்ச்சொற்கள் மட்டுமே இருக்கின்றன. இடித்தவர் இல்லை, வீட்டில் இருந்தவர் இல்லை. வீட்டு வரி கட்டி, மின் இணைப்பு வாங்கி, ரேஷன் கார்டில் நாற்பது வருஷம் முகவரியாக இருந்த வீடு ஒரு நோட்டீஸில் 'ஆக்கிரமிப்பு' ஆகிவிடுகிறது. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாலே பாதி வழக்கு முடிந்தது.

பழைய சொல் என்றால் நடுநிலை என்று நம்புவது

2021-ல் தி.மு.க. அரசு 'மத்திய அரசு' என்பதை விட்டு 'ஒன்றிய அரசு' என்று சொல்லத் தொடங்கியபோது, 'ஏன் இதில் அரசியலைக் கலக்கிறீர்கள்?' என்று கேட்டவர்கள் நிறைய. அதுவரை இருந்த சொல்லில் அரசியல் இல்லாததுபோல. மத்தி என்று ஒன்று இருந்தால் மற்றதெல்லாம் ஓரம்தானே. காது பழகியதால் அது உறுத்தவில்லை, அவ்வளவுதான்.

'ஒன்றிய அரசு' என்பதை ஆதரித்தவர்களும் ஒரு படி அதிகமாகப் போனார்கள். அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்று சொல்வது உண்மை. அதற்காக 'மத்திய அரசு' என்பதே சட்டத்தில் இல்லாத சொல் என்று வாதாட முடியாது. சட்டச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதற்கு வரையறை இருக்கிறது. இரண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அரசியல். (எனக்கு ஒன்றியம் என்றதும் இன்றைக்கும் ஊராட்சி ஒன்றிய அலுவலகமும் அதன் வாசலில் நிற்கும் ஜீப்பும்தான் கண்ணில் வருகின்றன. அது என் ஊர்ப்பழக்கம்.)

இன்று தேர்தல் செய்தியில் சாதாரணமாகப் புழங்கும் 'வேட்பாளர்' ஒரு காலத்தில் புதுச்சொல். அதற்கு முன் 'அபேட்சகர்'. தலைவர் 'அக்கிராசனர்' ஆகவும் செயலாளர் 'காரியதரிசி' ஆகவும் இருந்தார்கள். 'மகாஜனங்களே' என்று கூட்டத்தை அழைத்தார்கள். இவற்றை மாற்றியதில் தனித்தமிழ்க்காரர்களுக்கும் திராவிட இயக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு. இன்று எந்தக் கட்சிக்காரரும் 'வேட்பாளர்' என்று சொல்லும்போது அதில் கொள்கை வாடை அடிப்பதாக நினைப்பதில்லை.

ஒரே சொல், இரண்டு விஷயம்

எனக்குத் தெரிந்து தமிழில் அதிகக் குழப்பம் செய்யும் அரசியல் சொல் 'தள்ளுபடி'தான். நான் சில காலம் ஒரு செய்தி மேசையில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். இரவு பத்து மணிக்கு வங்கிகளின் வாராக் கடன் பற்றி ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. வங்கிகள் அந்தக் கடன்களைத் தங்கள் இருப்புநிலைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதாகச் செய்தி சொன்னது. தலைப்புக்கு இடம் கொஞ்சம்தான். 'கணக்கிலிருந்து நீக்கம்' என்று எழுதிக் கொடுத்தேன். 'யாருக்குப் புரியும்?' என்று அதை அடித்துவிட்டு 'தள்ளுபடி' என்று போட்டார்கள். பக்கம் போய்விட்டது. மறுநாள் பார்த்தவர்கள் எல்லாரும் பணக்காரர்களின் கடனை அரசு மன்னித்துவிட்டது என்றே புரிந்துகொண்டார்கள்.

விவசாயிக்குத் தள்ளுபடி என்றால் அவர் இனிக் கட்ட வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது இந்த வகை. வங்கி செய்வது வேறு. வராது என்று தோன்றும் கடனைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறது. கடன் வாங்கியவர் அப்போதும் கடன்காரர்தான், வசூலும் வழக்கும் தொடரும்.

'அப்போ யாருக்கும் எதுவும் மன்னிக்கப்படவில்லை' என்று அரசுத் தரப்பு முடித்துக்கொள்வதையும் நம்பிவிடக்கூடாது. 2023-ல் நாடாளுமன்றத்தில் தந்த பதிலின்படி 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் இப்படி நீக்கிய கடன் சுமார் 14.56 லட்சம் கோடி ரூபாய். அதே காலத்தில் இப்படி நீக்கிய கடன்களில் திரும்பி வந்தது சுமார் 2.04 லட்சம் கோடி, ஏழில் ஒரு பங்குக்குப் பக்கம். ஆகச் சட்டப்படி அது தள்ளுபடி இல்லை, ஆனால் பணத்தில் பெரும்பகுதி வரவும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல 'தள்ளுபடி' என்ற ஒரு சொல் போதாது. ஒரு தரப்பு அந்தச் சொல்லை வைத்து மிகைப்படுத்துகிறது, இன்னொரு தரப்பு அதே சொல்லின் இலக்கணத்தைக் காட்டித் தப்பிக்கிறது.

அவர்கள் செய்தால் பிரச்சாரம், நாம் செய்தால் விளக்கம்

கையில் கொடுக்கும் பொருளுக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்று பார்த்தால் இது சட்டென்று பிடிபடும். 2006-ல் தி.மு.க. கொடுத்த கலர் டிவி 'இலவசம்'. 2011-க்குப் பிறகு அ.தி.மு.க. கொடுத்த மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் 'விலையில்லா'ப் பொருட்கள். விலை இல்லாதது என்றும் சொல்லலாம், விலைமதிப்பில்லாதது என்றும் காதில் விழும். கெட்டிக்காரத்தனமான சொல்தான், ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 செப்டம்பர் 15 முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது தி.மு.க. அரசு. அதன் பெயர் 'உரிமைத் தொகை'. உதவியை நிறுத்தினால் வருத்தப்படுவோம், உரிமையை நிறுத்தினால் சண்டைக்குப் போவோம்.

2022 ஜூலையில் பிரதமர் இலவச அறிவிப்புகளை 'ரேவ்டி' என்று சாடினார். ரேவ்டி வடக்கே விற்கும் எள் மிட்டாய். ஆனால் அவரது அரசே 2019 முதல் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. 'கிசான் சம்மான் நிதி' என்ற அதன் பெயரில் இருக்கும் 'சம்மான்' என்ற சொல்லுக்குப் பொருள் மரியாதை. இவர்கள் கொடுத்தால் மரியாதை, அவர்கள் கொடுத்தால் மிட்டாய்.

சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. செய்தியில் இருக்கும் கட்சிப் பெயரை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி படியுங்கள். உங்களுக்குப் பிடித்த கட்சியின் பெயரைப் போட்டதும் எந்தச் சொல் திடீரென்று உறுத்துகிறதோ, சாய்வு அங்கேதான் இருக்கிறது.

சொல்லே எல்லாம் செய்துவிடும் என்று நினைப்பதும் வேண்டாம். 2004-ல் 'இந்தியா ஒளிர்கிறது' என்று நாடெங்கும் விளம்பரம் செய்த பா.ஜ.க. கூட்டணி ஆட்சியை இழந்தது. தமிழ்நாட்டில் 39 தொகுதிகளில் ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதல்வர் அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான், தலித் மக்கள் வாழும் பகுதியைக் குறித்து வசையாகிப்போன சொல் அது. ஆனால் அந்தத் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

கடைசியாக, விகுதி. எங்கள் செய்தி மேசையில் எழுதி வைக்காத விதி ஒன்று இருந்தது. பேருந்தில் பர்ஸ் அடித்தவன் 'தப்பி ஓடினான்', வங்கியில் நூறு கோடி ஏமாற்றியவர் 'தலைமறைவானார்'. ஒருநாள் பர்ஸ் அடித்தவருக்கு 'ஓடினார்' என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். பிழைதிருத்துபவர் வந்து, அச்சுப்பிழை என்று நினைத்து, என்னிடம் கேட்காமலே திருத்திவிட்டுப் போனார்.